சீல் வச்சாச்சு

பாளையம்பட்டிக் கடைசியில் இருக்கும் தண்ணீர்க் கம்பெனிக்கு ஓனர் யார் என்பதை இன்றைக்கு உலகத்துக்குக் காட்டிவிடுவது என்று மாரிக்கண்ணன் தீர்மானித்தது வெள்ளிக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. அவருடைய பெரிய தீர்மானங்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் பிறக்கும். வாய் நிறைய நுரை இருக்கும்போது பெண்டாட்டிக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை பாருங்கள்.

ஓனர் யார் என்பதில் என்ன சந்தேகம் என்று கேட்பீர்கள். சந்தேகம் போர்டிலேயே இருந்தது. ‘முருகலட்சுமி குடிநீர்’ என்று நீல எழுத்து. அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய சிவப்பு எழுத்தில், ‘உரிமையாளர்: மாரிக்கண்ணன்’. ஆனால் லோனு, உரிமம், தரச்சான்று அத்தனையும் முருகலட்சுமி பேரில். பொம்பளைகள் பேரில் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். “சும்மா பேப்பருக்குத்தான்” என்று சொல்லி, கையெழுத்துப் போட வைத்துவிட்டார்.

வினை ஒரு வகுப்பில் வந்தது. குடிதண்ணீர் விற்பவர்களுக்குச் சட்டதிட்டம் சொல்லித் தருகிறார்கள், உரிமம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் வரவேண்டும் என்றார்கள். “போயி ஏசியில உக்காந்துட்டு, போண்டா குடுத்தாச் சாப்புட்டுட்டு வா” என்று மாரிக்கண்ணன்தான் பஸ் ஏற்றி அனுப்பினார். அவள் போண்டாவையும் விடவில்லை, சட்டத்தையும் விடவில்லை. இரண்டையும் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து கம்பெனியில் புது ஆட்சி. தண்ணீரைச் சோதிப்பதற்கென்று ஒரு அறை. அதில் கிருமி பற்றிய படிப்பு படித்த பர்வீன் என்கிற பெண். அந்த அறைக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றவேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், தலையில் ஒரு பிளாஸ்டிக் குல்லா மாட்டவேண்டும். மாரிக்கண்ணன் ஒரே ஒரு தடவை மாட்டினார். வேன் ஓட்டும் மருதுபாண்டி அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சிரித்தான். “எங் கம்பெனியில எனக்கே குல்லா போடப் பாக்குறீகளா?” என்று வெளியே வந்தவர்தான். அதற்கப்புறம் அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மாரிக்கண்ணனின் தங்கை செல்வலட்சுமியை நரிக்குடியில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை மொக்கையன். அவர்கள் மகள் சின்னவளுக்குச் சனிக்கிழமை காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்தவேண்டும். தாய்மாமன் என்றால் சீர் கொண்டு போகவேண்டும். போன வருசம் மொக்கையன் வகையறாவில் ஒரு விசேஷத்தில் போர்த் தண்ணீரை வைத்து, பாயசமே உப்புக் கரித்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. மாரிக்கண்ணன் பத்துப் பேர் முன்னால் எழுந்து நின்று சொல்லிவிட்டார்: “எஞ் சீரு, நூறு கேன் நல்ல தண்ணி! மேளத்தோட வரும்!”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நரிக்குடி எல்லையில் மேளம் காத்திருக்கும் என்று ஏற்பாடு. தட்டு, தாம்பாளம், தேங்காய், பழம், அதற்குப் பின்னால் ஒரு வேன் நிறையத் தண்ணீர். அப்படி ஒரு சீரை அந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. அதை நினைக்கிறபோதெல்லாம் அவருக்கு மீசை தானாக மேலே போனது.

அதில்தான் முருகலட்சுமி குறுக்கே விழுந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம், காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

“ஏங்க, தொட்டியத் தெறந்து பைப்பு மாத்திருக்கு. அந்தத் தண்ணிய இன்னைக்குத்தான் பர்வீன் டெஸ்ட்டுக்கு வச்சிருக்கு. ஞாயித்துக்கெழமதான் ரிசல்ட்டு. அது வரைக்கும் அந்தத் தொட்டியில இருந்து ஒரு கேன் வெளிய போகாது.”

“தண்ணி என்ன தோச மாவா? புளிக்கிற வரைக்கும் மூடி வச்சுக் காத்துக் கெடக்க?”

“புளிக்குதான்னு பாக்கத்தான் வைக்கிறது. புளிக்காட்டித்தான் அது நம்ம தண்ணி.”

“பளிங்காட்டம் இருக்கு. ஒனக்குக் கண்ணு தெரியலயா?”

“கண்ணுக்குத் தெரியாததத்தாங்க அந்தப் பிள்ள பாக்குது.”

“கண்ணுக்கே தெரியாதத எதுக்குடி பாக்கணும்?”

“குடிச்சவுக வயித்துக்குத் தெரியுமே. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு வாந்தி பேதின்னு வந்தா, கேன்ல யாரு பேரு இருக்கு? எம் பேரு. கேசு யாரு மேல? எம் மேல.”

“ஒன்னைய உள்ள போட்டா எனக்கு யாரு சோறாக்குறது? அதெல்லாம் போட மாட்டாக.”

“வெளாட்டா இருக்கா? சரி, நான் சொல்றதக் கேளுங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுத்தீகன்னா…”

“பொறுக்க முடியாது.”

“இல்லங்க, பின்னால ரூம்புல…”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”

“ஒரு வார்த்த கேளுங்களேன்…”

“வேணாம்னா வேணாம்! நானா ஓனரு, நீயா ஓனரு?”

முருகலட்சுமி காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் மூன்று தடவை சொல்ல வந்த அந்த ஒரு வார்த்தையை அவர் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நமக்கும் வேறு வேலை இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை. பூவும் சீர்த்தட்டும் வாங்க முருகலட்சுமி அருப்புக்கோட்டை டவுனுக்கு பஸ் ஏறினாள். பர்வீன் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம்தான் திரும்பும். மாரிக்கண்ணன் வாசலில் நின்று, பஸ் கண்ணுக்கு மறைகிறவரை பாசத்தோடு கையாட்டினார். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிக் கையாட்டியதில்லை. அதிலேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

அந்தத் தொட்டித் தண்ணீரைக் கேனில் நிரப்புவது பெரிய காரியமில்லை. மோட்டாரைப் போட்டால் கொட்டப் போகிறது. கேன் மூடிக்கு மேலே மாட்டுகிற சீல்தான் பிரச்சினை. சூடு காட்டினால் சுருங்கி, மூடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை அது. சீல் இல்லாத கேனை இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் கை கழுவக்கூட எடுப்பதில்லை. அந்த சீல்களை அவள் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி எங்கே என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குப் பின்னாலேயே வீடு. மாரிக்கண்ணன் நேராக அடுப்படிக்குப் போனார். கடுகு டப்பாவைத் திறந்து கையை விட்டார். சாவி அகப்பட்டது.

அகப்பட்ட சந்தோஷத்தில் டப்பா கொஞ்சம் சாய்ந்தது. கடுகு தரையெல்லாம் ஓடியது. அவர் வேட்டியை மடித்துக்கட்டி, மண்டிபோட்டு, உள்ளங்கையால் கூட்டிக் கூட்டி அள்ளி டப்பாவில் போட்டார். அடுப்புக்கடியில் ஊதினார். ஒன்றுகூட விடவில்லை என்று அவருக்கு முழுத் திருப்தி.

அப்புறம் நடந்த வேலையைப் பார்த்திருந்தால் நீங்களும் அவருக்கு ஓனர் பட்டம் கொடுத்திருப்பீர்கள். அவரும் மருதுபாண்டியும் பிடித்தார்கள், மூடினார்கள், சீல் மாட்டினார்கள், சூடு காட்டினார்கள். நூறு கேன் வேனில் ஏறியது.

“அண்ணே, அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?” என்றான் மருதுபாண்டி.

“ஏலே, இந்தக் கம்பெனிக்கு ஓனரு யாருலே?”

மருதுபாண்டி போர்டை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் படித்தான். வண்டியை எடுத்தான். நரிக்குடி எல்லையில் ஆலமரத்தடியில் நிறுத்திக் காத்திருக்கச் சொல்லி அனுப்பினார் மாரிக்கண்ணன். சாவியைக் கடுகுக்குள் புதைத்தார். தாய்மாமன் முகத்தில் மூன்று நாள் தாடி இருக்கலாமா? டவுனுக்குச் சலூனைப் பார்க்கக் கிளம்பினார்.

நாற்காலியில் சாய்ந்து, முகம் முழுக்க நுரையோடு, வலது கன்னம் முடிந்து இடது கன்னத்துக்குக் கத்தி வருகிற நேரத்தில் போன் அடித்தது.

“ஏங்க, எங்க இருக்கீக?”

“சவரம் பண்ணிக்கிட்டு இருக்கேன்.”

“சட்டுன்னு கம்பெனிக்கு வாங்க. சீல் வச்சாச்சு.”

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்தத் தொழிலில் சீல் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று கேன் மூடிக்கு நாம் வைப்பது. இன்னொன்று, தப்புக் கண்டால் அதிகாரிகள் வந்து கம்பெனிக் கதவுக்கு வைப்பது. முதல் அர்த்தம் மாரிக்கண்ணன் காதில் தினம் நூறு தடவை விழுகிறது. ஆனால் கடுகு டப்பாவுக்குள் கை விட்டுவிட்டு வந்தவனுக்கு இரண்டாவது அர்த்தம்தான் கேட்கும்.

“என்… என்னாது?”

“சீல் வச்சாச்சுங்க.”

“எல்லாத்துக்குமா?”

“ஒண்ணு விடாம.”

மாரிக்கண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் சலூன்காரர் கத்தியோடு சுவரில் ஒட்டிக்கொண்டார். அவர் மனக்கண்ணில் கதவில் பூட்டு, பூட்டில் அரக்கு, வாசலில் ஜீப்பு, ஜீப்புக்குப் பக்கத்தில் முருகலட்சுமி. உரிமம் அவள் பேரில். கேனில் அவள் பேர். சும்மா பேப்பருக்குத்தான் என்று சொல்லிப் போட வைத்த கையெழுத்து அவளுடையது. நேற்று விளையாட்டாகச் சொன்னதெல்லாம் இப்போது நிஜமாகிவிட்டது.

“முருகு, நாந்தான்த்தா. நீ போனதும் அந்தத் தொட்டித் தண்ணியப் பிடிச்சு லோடு ஏத்திட்டேன்.”

“ம்.”

“ரிசல்ட்டு வரலன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

“ம். அப்புறம்?”

“சாவிய எடுத்தது நாந்தான். கடுகு டப்பாவுல இருந்து.”

“அப்புறம்?”

“வேனு திருச்சுழி தாண்டிப் போயிருக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம்… தீவாளிக்கு நீ சுட்டு வச்ச அதிரசத்த எலி திங்கல. அதுவும் நாந்தான்.”

சலூனில் காத்திருந்தவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்கள்.

“அப்புறம்?” என்றாள் முருகலட்சுமி.

“அப்புறம் என்னத்தா இருக்கு? நீ எதுலயும் கையெழுத்துப் போட்டுராத. ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. எல்லாம் எம் புருசன் பாத்த வேலன்னு சொல்லு. நான் வாரேன். உள்ள போடுறதா இருந்தா என்னையப் போடட்டும். ஒன் மேல ஒரு தூசி விழ விட மாட்டேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து இந்தத் தடவை ‘அப்புறம்’ வரவில்லை. வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

“மொதல்ல அந்த லோடத் திருப்பச் சொல்லுங்க. பையப் பாத்து வாங்க. வண்டிய வெரட்டாதீக.”

அவர் மருதுபாண்டிக்குப் போன் போட்டார். “ஏலே, வண்டியத் திருப்புலே!”

“அண்ணே, நரிக்குடி ஆலமரத்தடிக்கே வந்துட்டேன். மேளக்காரவுக இப்பமே வந்து தட்டிப் பாக்குறாக. மொக்கையண்ணன் மால வேற வச்சுக்கிட்டு நிக்கிறாக.”

“திருப்புலேன்னா திருப்பு! ஒரு கேனு அங்ஙன எறங்கக் கூடாது!”

ஊர் முன்னால் சீரைத் திருப்பி அனுப்பிய தாய்மாமன் என்று பேர் வரும். வரட்டும். அவர் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. வண்டியில் ஏறியபோது இடது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

கம்பெனி வாசலில் ஜீப்பு இல்லை. பூட்டு இல்லை. அரக்கும் இல்லை. திறந்த கதவுக்குள்ளே, வரிசையாக நூறு கேன். ஒவ்வொன்றின் மூடியிலும் சீல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. முன் வரிசைக் கேன்களுக்கு மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ. பர்வீன் கடைசிக் கேனுக்குத் தேதி அச்சைக் குத்திக்கொண்டிருந்தது.

“ஆபீசர் எங்க?” என்றார் மாரிக்கண்ணன்.

“எந்த ஆபீசர்?” என்றாள் முருகலட்சுமி.

“சீல் வச்சாச்சுன்னியே!”

“வச்சாச்சே. இந்தா பாருங்க.”

“ஒண்ணு விடாமன்னியே!”

“எண்ணிப் பாருங்க. ஒண்ணு விடலயே.”

பர்வீன்தான் விளக்கம் சொன்னது. “அண்ணே, தொட்டியத் தெறக்குறதுக்கு முன்னாடி பிடிச்சு வச்ச தண்ணி இது. காதுகுத்துக்குன்னு அக்கா அப்பவே தனியாப் பிடிக்கச் சொல்லிட்டாக. இன்னைக்கு மத்தியானம் ரிசல்ட் வந்துருச்சு, சுத்தமா இருக்கு. நம்ம டெஸ்ட் ரூம்பு வழியாப் போற பின்னால ரூம்புலதான் அடுக்கி வச்சிருந்தோம். நீங்க பாக்கலயா?”

“இவுக எங்க பாக்குறது? உள்ள வரணும்னா குல்லா போடணுமே” என்றாள் முருகலட்சுமி.

மாரிக்கண்ணன் ஒரு கேன் மேல் உட்காரப் போனார். சட்டம் ஞாபகம் வந்து தரையில் உட்கார்ந்தார். கோபப்படலாமா என்று யோசித்தார். ஆனால் வாசலில் ஜீப்பு இல்லாததில் அவருக்கு இருந்த நிம்மதிக்குக் கோபம் வரவே மாட்டேன் என்றது.

வேன் திரும்பி வந்தது. நூறு கேனை இறக்கி, நூறு கேனை ஏற்றியதில் ஓனருக்கு இடுப்பு விட்டுப்போனது. சீர் நரிக்குடியில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மேளக்காரர்கள் இரண்டாவது தடவை அடித்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவர், கேனில் இருந்ததைப் படித்து, “தாய்மாமன் சீர், நூறு கேன் நல்ல தண்ணீர், வழங்குபவர் முருகலட்சுமி!” என்று ஊர் முழுக்கச் சொன்னார். மாரிக்கண்ணன் மறுத்துப் பேசவில்லை. ஒரு கன்னம் மழுமழுவென்றும் ஒரு கன்னம் முள்ளாகவும் இருக்கிற மனிதன் எந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசுவான்?

மறுநாள் அதிகாலையிலேயே முகூர்த்தம், மீதிச் சவரத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. காது குத்தும்போது சின்னவள் அவர் மடியில் வீறிட்டு அழுதாள். டம்ளரில் தண்ணீர் வாங்கி வாயில் வைத்தார். மடக் மடக்கென்று குடித்துவிட்டு, அழுகையை நிறுத்தி, “மாமா, முள்ளு குத்துது” என்று அவருடைய இடது கன்னத்தைத் தள்ளினாள். ஊரே சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பர்வீன் வந்து கூப்பிட்டது. “அண்ணே, ரிசல்ட் வந்துருச்சு. உள்ள வந்து பாக்குறீகளா?”

மாரிக்கண்ணன் செருப்பைக் கழற்றினார். கையைக் கழுவினார். குல்லாவை எடுத்துத் தானாகவே போட்டுக்கொண்டார். ஜன்னலில் மருதுபாண்டியின் தலை தெரிந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

மேசையில் இரண்டு கண்ணாடித் தட்டு. ஒன்றில் ஒன்றுமில்லை. இன்னொன்றில் பொட்டுப் பொட்டாக, ரவையை இறைத்த மாதிரி.

“ஒண்ணுமில்லாதது சீருக்குப் போன தண்ணி. இது நீங்க அன்னைக்குப் பிடிச்ச தொட்டித் தண்ணி. அந்தப் பைப்பு மாட்டுன எடத்துல ஏதோ அழுக்கு நின்னுருக்கு” என்றது பர்வீன்.

“இதக் குடிச்சிருந்தா?”

“பெரியவுகன்னா வயித்து வலியோட போயிருக்கலாம். சின்னப் பிள்ளைகன்னா ஆஸ்பத்திரிதான் அண்ணே.”

மடக் மடக்கென்ற சத்தம் மாரிக்கண்ணனுக்குக் காதிலேயே கேட்டது. கண் கலங்கியதை மறைக்கக் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டார்.

வெளியே வந்து, யாரும் சொல்லாமலே, வேனில் திரும்பி வந்த அந்த நூறு கேனின் சீல்களையும் உரித்துத் தண்ணீரை வேப்பங்கன்றுகளுக்கு ஊற்றினார். ஊற்றி முடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். முருகலட்சுமி தாளித்துக்கொண்டிருந்தாள்.

“முருகு, எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. நான் லோடு ஏத்துனது ஒனக்கு எப்பத் தெரியும்? போன்ல நான் சொன்ன பிறகா?”

“டவுனுல இருந்து வந்து அடுப்படியில கால வச்சதுமே தெரியும். காலெல்லாம் கடுகு.”

“எல்லாத்தையும் அள்ளிட்டேனே!”

“அள்ளுனீகளே, தரையில கெடந்த தூசியும் சேத்து. இப்பக்கூட நான் பொடச்சுத்தான் தாளிக்கிறேன்.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே ரொம்பப் பணிவாகக் கேட்டார். “அப்ப இனிமே சாவிய வேற எடத்துல வைப்பியா?”

“எதுக்கு? அதே கடுகு டப்பாவுலதான் இருக்கும்” என்றாள் அவள், கரண்டியைத் தட்டிக்கொண்டே. “என்னைக்கு ஒரு கடுகு சிந்தாம அத எடுக்குறீகளோ, அன்னைக்கு நீங்கதான் ஓனரு.”